‘அப்போது டாக்டர்களுக்கே ஒன்றும் தெரியாது’ என்பது சரியல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் எய்ட்ஸ் நோயின் ஆரம்ப ஆண்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள், நன்றி. ஆனால் நடுவில் ஒரு வாக்கியம் வருகிறது. அந்த நாட்களில் நோய் எப்படித் தொற்றுகிறது என்று டாக்டர்களுக்கே தெரியாது, அதனால்தான் நோயாளிகளை யாரும் தொடவில்லை என்கிறது அது. அந்த வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. திருநெல்வேலிச் சீமையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தொண்ணூறுகளில் இந்த நோயாளிகள் எங்கள் வார்டுகளுக்கு வரத் தொடங்கியபோது பணியில் இருந்தவள். தொற்றும் வழிகள் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவ உலகுக்குத் தெரியும். தெரிந்த செய்தி எங்கள் வார்டுக்கு வந்து சேரவில்லை, சேர்ந்த பிறகும் அதை நம்பப் பலருக்கு மனம் வரவில்லை. அதை ஆண்டு வாரியாகச் சொல்லவே இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1981 ஜூன் 5 அன்று, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து இளைஞர்கள் ஐந்து பேரைப் பற்றி மைக்கேல் காட்லீப் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். ஐவருக்கும் நியூமோசிஸ்டிஸ் என்ற கிருமியால் வந்த நிமோனியா. நல்ல உடம்பை அந்தக் கிருமி ஒன்றும் செய்யாது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் போன்று எதிர்ப்புச் சக்தி விழுந்துபோனவர்களைத்தான் பிடிக்கும். அறிக்கை அச்சேறுவதற்குள் ஐவரில் இருவர் இறந்துவிட்டார்கள்.

அதே மையத்தின் மருந்துப் பிரிவில் சாண்ட்ரா ஃபோர்டு என்ற பெண்மணி வேலை பார்த்தார். அந்த நிமோனியாவுக்குக் கொடுக்கும் பென்டாமிடின் என்ற மருந்து அந்த நாட்டில் வேறு எங்கும் கிடைக்காது. எந்த ஊர் டாக்டர் கேட்டாலும் கோரிக்கை அவர் மேசைக்குத்தான் வர வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறையக் காரணம் எதுவும் சொல்லப்படாத இளம் ஆண்களுக்காக அந்த மருந்தைக் கேட்டுத் திரும்பத் திரும்பக் கோரிக்கை வருவதை அவர் கவனித்தார். கேட்டதை அனுப்பினோம், வேலை முடிந்தது என்று இருந்துவிடாமல் மேலதிகாரிக்கு எழுதினார். மருந்துப் பதிவேட்டை வைத்திருக்கும் ஒருவர் அதைக் கண் திறந்து பார்த்ததும் இந்த நோய் பிடிபட உதவியது. அவர் பெயரை நம் செவிலியர் கல்லூரிகளில் சொல்லித்தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதலில் இது தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களின் நோய் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பு நீடிக்கவில்லை. 1982 ஜூலையில், ரத்தம் உறையாத பரம்பரைக் குறையுள்ள மூவருக்கு அதே நிமோனியா வந்தது தெரிந்தது. பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். அந்த ஆண்டு டிசம்பரில், ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு கைக்குழந்தையின் செய்தி வந்தது. நோயுள்ளவர்களின் மனைவியருக்கும் பெண் துணைகளுக்கும் வருவது 1983 ஜனவரியில் பதிவாயிற்று. வைரஸை யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்பே, யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்தே ரத்தம், உடலுறவு, ஊசி, தாயிடமிருந்து பிள்ளை என்று வழிகளை வகுத்துவிட்டார்கள். 1983 செப்டம்பரில் அதே மையம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தொட்டுப் பழகுவதால் பரவாது, சாப்பாட்டால் பரவாது, தண்ணீரால் பரவாது, காற்றால் பரவாது.

ஆசிரியர் அவர்களே, 1983 என்ற அந்த ஆண்டைக் கட்டுரையாளர் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். அந்த ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் 5பி என்ற வார்டு இந்த நோயாளிகளுக்காகவே திறக்கப்பட்டது. அதை முன்னின்று உருவாக்கிய கிளிஃப் மாரிசன் ஒரு செவிலியர். அங்கே பணிக்கு வந்த செவிலியர் அனைவரும் தாமாக விரும்பி வந்தவர்கள். ரத்தமோ கழிவோ படும் வேலைக்கு மட்டும் கையுறை போட்டார்கள். மற்ற நேரமெல்லாம் வெறுங்கையால் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து பேசினார்கள். 1986-ல் நியூயார்க்கில் ஃபிரீட்லேண்ட் என்ற டாக்டரும் சகாக்களும் 39 நோயாளிகளின் வீடுகளில் அவர்களோடு சேர்ந்து வாழ்ந்த 101 பேரைப் பரிசோதித்தார்கள். நெருக்கடியான ஏழை வீடுகள். ஒரே கழிப்பறை, ஒரே பாத்திரங்கள், ஒரே துவாலை. 101 பேரில் ஒரு பிள்ளைக்கு மட்டுமே தொற்று இருந்தது. அதுவும் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

இத்தனைக்கும் பிறகுதான், 1989-ல், கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. அவர் செய்தது ரத்த தானம். அந்த ரத்தத்தில் எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. என்ற வைரஸ் இருந்ததால் 64 நாட்கள் அவரை ஒரு பழைய காசநோய் விடுதியில் தனியே அடைத்து வைத்தார்கள். பரவும் வழி தெரிந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுத மாட்டேன். அன்று எல்லா இடத்திலும் இதே கதைதான். தொண்ணூறுகளின் நடுவில் பம்பாயிலிருந்து திரும்பிய ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிழைப்புக்குப் பம்பாய் போவது நம் மாவட்டத்தில் வழிவழியாக உள்ளது. தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். அவருக்கு நெஞ்சில் காசநோய், வாய் முழுக்க வெள்ளைப் படலம், எலும்பும் தோலுமான உடம்பு. ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்றே கட்டிலை வராந்தாவின் கடைசிக்குத் தள்ளினார்கள். தலைமாட்டில் சிவப்பு மையில் எழுதித் தொங்கவிட்டார்கள், போகிற வருகிற எல்லோரும் படிக்கும்படி. சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துக் கம்பால் தள்ளினார்கள். அவர் மனைவி முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண். “சிஸ்டர், நான் இவரைத் தொடலாமா? எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்று என்னிடம் கேட்டார்.

சென்னையில் படித்துவிட்டு வந்த ஓர் இளம் டாக்டர் அப்போது எங்களோடு இருந்தார். பரவும் வழிகளைப் பற்றிய ஜெராக்ஸ் தாள்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஷிப்டிலும் எங்களுக்குப் படித்துக்காட்டுவார். அந்தத் தாள்களை நம்பி அந்த அம்மாளிடம், “தாராளமாகத் தொடுங்கள், சோறு ஊட்டுங்கள், பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். வாயில் ஜென்ஷன் வயலட் என்ற ஊதா மருந்தைத் தடவ நான் குனியும்போதெல்லாம் அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்மேல் மூச்சுப் படக் கூடாதாம். காசநோய்க்கு அப்போதே மருந்து ஏறிக்கொண்டிருந்தது. எச்.ஐ.வி.யோ மூச்சில் வராது. இதை அவருக்குப் புரியவைக்கவே நாட்கள் ஆயின. இறந்த பிறகு உடலை பாலிதீன் தாளில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள், பிரிக்கக் கூடாது என்ற உத்தரவோடு. நீர்மாலை எடுக்கவில்லை, குளிப்பாட்டவில்லை. நம் ஊரில் ஒரு மனிதரைக் குளிப்பாட்டாமல் அனுப்புவது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ‘தெரியாமல் செய்தார்கள்’ என்று உங்கள் கட்டுரை சொல்லும்போது அந்தப் பீடித் தொழிலாளியின் முகம்தான் எனக்கு முன்னால் வருகிறது.

அந்த நாட்களில் உண்மையாகவே தெரியாதிருந்தது சிகிச்சை. அதைத்தான் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. 1983 மே மாதம் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே சினூசியும் லுக் மான்டாக்னியேயும் அவர்கள் குழுவும் ஒரு நோயாளியின் நிணநீர்க் கட்டியிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். 1984-ல் அமெரிக்காவில் ராபர்ட் காலோ குழுவின் ஆய்வு வந்தது. யார் முதலில் என்று நடந்த சண்டையைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. 1985 மார்ச்சில் ரத்தப் பரிசோதனை வந்தது, அது போதும். மருந்துக்கு மட்டும் வழியில்லை. ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கான சுராமின் என்ற பழைய மருந்து சோதனைக் குழாயில் வைரஸைத் தடுத்தது. நோயாளிக்குக் கொடுத்தபோது பலன் இல்லை, உடம்பைத்தான் கெடுத்தது. பாரிஸில் எச்.பி.ஏ.23 என்ற மருந்தைத் தேடி அமெரிக்காவிலிருந்து விமானம் ஏறிப் போனார்கள். அதுவும் பொய்த்தது. ஒரே மாதிரி இரட்டையரில் நோயில்லாதவரின் எலும்பு மஜ்ஜையை நோயுள்ளவருக்குச் செலுத்திப் பார்த்தார்கள். புதிய அணுக்கள் கொஞ்ச நாள் நின்றன, பிறகு வைரஸ் அவற்றையும் அழித்தது. வெள்ளத்துக்கு மண் மூட்டையால் அணை போடுவதுபோல, கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்த காலம் அது. பலன் கிடைக்காவிட்டாலும் அந்த டாக்டர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் நோயாளியின் பக்கத்தில் நின்றுதான் தோற்றார்கள்.

முதலில் பலன் தந்த மருந்து ஏ.இஸட்.டி. அது 1964-ல் ஜெரோம் ஹார்விட்ஸ் என்பவர் புற்றுநோய்க்காகச் செய்து, பயன்படாது என்று ஒதுக்கிய பொருள். இருபது ஆண்டுகள் கழித்து, அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனத்தில் சாமுவேல் ப்ரோடரும் ஹிரோவாகி மிட்சுயாவும் அது இந்த வைரஸைத் தடுப்பதைக் கண்டார்கள். 1986-ல் 282 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். செப்டம்பரில் எண்ணிப் பார்த்தால், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 பேர் இறந்திருந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்களில் ஒருவர். உடனே சோதனையை நிறுத்தி எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். 1987 மார்ச் 19 அன்று அனுமதி கிடைத்தது. விலை ஆண்டுக்கு 8,000 டாலருக்கும் மேல். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும் எழுந்து விழுங்க வேண்டும். பலருக்கு ரத்தசோகை வந்து ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இந்த வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது ஏராளமான பிழைகள் செய்யும். அப்படிப் பிழையாகப் பிறந்த ஏதோ ஒரு நகல் மருந்துக்கு அடங்காமல் தப்பித்துப் பெருகிவிடும். அதனால் ஒரே மருந்து நெடுநாள் தாங்கவில்லை. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் தப்ப முடியாது என்பது 1996-ல்தான் உறுதியாயிற்று. அதற்கு முன், 1994-ல், கர்ப்பிணிக்கு ஏ.இஸட்.டி. கொடுத்தால் பிள்ளைக்குப் போவது மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்று கண்டார்கள். பிரசவ வார்டில் வேலை செய்தவர்களுக்கு அந்தச் செய்தியின் அருமை தெரியும்.

ஆனால் ஏ.இஸட்.டி.யைவிட என் மனதை அதிகம் உறுத்துவது கோட்ரைமாக்ஸசோல். எங்கள் மருந்து அலமாரியில் எப்போதும் இருந்த வெள்ளை மாத்திரை. மூத்திரத் தாரை எரிச்சலுக்கும் சீதபேதிக்கும் கை நிறைய அள்ளிக் கொடுத்த மலிவு மருந்து. இதைத் தொடர்ந்து கொடுத்தால் நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வராமலே தடுக்கலாம் என்று 1977-லேயே வால்டர் ஹியூஸ் என்ற டாக்டர் புற்றுநோய்க் குழந்தைகளிடம் நிரூபித்திருந்தார். மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அந்த நிமோனியா வரவில்லை. எய்ட்ஸ் நோயாளிகளை முதலில் கொன்றதும் அதே நிமோனியாதான். ஆனாலும் அமெரிக்க அரசு இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது 1989-ல். மைக்கேல் காலன் என்ற பாடகர், தாமே நோயாளி, இதை எல்லோருக்கும் பரிந்துரையுங்கள் என்று 1987-ல் அதிகாரிகளிடம் நேரில் போய்க் கெஞ்சினார். இன்னும் ஆய்வு வேண்டும் என்றார்கள். மருந்து இருந்தது, அது வேலை செய்யும் என்ற அறிவும் இருந்தது. இடையில் எத்தனை உயிர்கள் போயின! எங்கள் வராந்தாவில் கிடந்தவருக்கு அந்த மாத்திரையை எழுதியவர் அந்த இளம் டாக்டர் மட்டும்தான்.

கட்டுரையில் நம் மாநிலத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும். நம் நாட்டில் இந்த நோய் வராது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, நிர்மலா தம் பட்டமேற்படிப்பு ஆய்வுக்காகப் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் எண்பதுக்கு மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கையுறை கிடையாது, பாதுகாப்புச் சாதனம் கிடையாது. மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தார். சென்னையில் பரிசோதிக்க வசதி இல்லாததால், 1986 பிப்ரவரியில் ராத்திரி ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, தொற்று இருப்பதன் அடையாளம் அது. அமெரிக்காவிலும் சோதித்து உறுதி செய்த பிறகு சட்டமன்றத்தில் அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் எச்.வி. ஹண்டே அறிவித்தார். பரவும் வழி அவர்களுக்கு 1986-லேயே தெரிந்திருந்ததால்தான் எங்கே தேட வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. இதைக் கட்டுரையாளர் யோசித்துப் பார்க்கட்டும்.

தாம்பரம் காசநோய் ஆஸ்பத்திரியையும் குறிப்பிட்டிருக்க வேண்டும். 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட இடம் அது. நம் பக்கத்திலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, அக்கம்பக்கத்தில் சொல்லாமல் போய்வந்தவர்களை எனக்குத் தெரியும். மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்து ஏழைக்கு எட்டாத அந்த நாட்களில், அங்கே டாக்டர் தெய்வநாயகம் ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, கிடைத்த முடிவுகளை மருத்துவ இதழில் எழுதினார். சித்த மருத்துவக் கல்லூரி உள்ள பாளையங்கோட்டையில் வாழும் எனக்கு அதில் தனி அக்கறை உண்டு. வைரஸை அடக்கும் கூட்டு மருந்துக்கு அது மாற்று ஆகாது. ஆனால் ஆங்கில மருந்தை வாங்க வழியில்லாதவர்களை அவர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பவில்லை, செய்ததை மறைக்காமல் எழுதியும் வைத்தார். எய்ட்ஸைப் பூரணமாகக் குணப்படுத்துகிறோம் என்று பஸ் நிலையச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியவர்களோடு அவரைச் சேர்த்துப் பேசக் கூடாது. எய்ட்ஸைக் குணமாக்கும் என்று எந்த மருந்தையும் விற்கக் கூடாது என்பது சட்டம். அந்த நோட்டீஸ்களை நம்பி, பீடி சுற்றிச் சேர்த்த பணத்தையும் தாலிக்கொடியையும் இழந்த குடும்பங்கள் உண்டு.

2001-ல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளையும் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது, தாம்பரம் முதல் மையங்களில் ஒன்று. இன்று எங்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலேயே கூட்டு மருந்து கிடைக்கிறது. பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூடத் தொற்றாது.

இவ்வளவும் ஆன பிறகும் என்னிடம் படித்த செவிலியப் பெண்கள் சொல்லும் செய்திகள் எனக்கு வேதனை தருகின்றன. இன்னும் சில இடங்களில் கேஸ் ஷீட்டின் மேல் நோயின் பெயரை எல்லோருக்கும் தெரியும்படி எழுதுகிறார்களாம். எச்.ஐ.வி. என்று தெரிந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு வேறு ஊருக்கு அனுப்புகிறார்களாம். நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி நம் கையில் குத்தினாலும் தொற்றுவது ஆயிரத்தில் சுமார் மூவருக்கு. உடனே தடுப்பு மருந்து எடுத்தால் அதுவும் மிகவும் குறையும். மஞ்சள் காமாலையின் பி வகை வைரஸ் இதைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றக் கூடியது. ஆகவே எல்லா நோயாளிக்கும் ஒரே பாதுகாப்பு முறைதான், ஒருவரை மட்டும் அடையாளம் போட்டுப் பிரிக்க அவசியமில்லை. இதுவும் 1987-லேயே எழுதப்பட்டுவிட்டது. 2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதையும், நோய் விவரத்தை வெளியிடுவதையும், சிகிச்சை மறுப்பதையும் தடை செய்கிறது.

எனவே என் வேண்டுகோள்கள் இவை. அந்த வாக்கியத்தைத் திருத்தி, பரவும் வழிகள் 1983-லேயே தெரியும் என்று ஒரு குறிப்பு வெளியிடுங்கள். சுனிதி சாலமன், நிர்மலா இருவரைப் பற்றியும் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். நம் பிள்ளைகளுக்கு அவர்களைத் தெரிய வேண்டும். பரிசோதனை வேண்டுவோர் எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் உள்ள நம்பிக்கை மையத்துக்கு இலவசமாகப் போகலாம், 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம் என்பதையும் அதே பக்கத்தில் பெட்டிச் செய்தியாக அச்சிடுங்கள். கட்டுரையாளர் எங்கள் பக்கம் வந்தால், அன்றைய வார்டுகளைப் பற்றித் தெரிந்த இன்னும் சில ஓய்வுபெற்ற செவிலியர்களை நானே கூட்டிவந்து பேச வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
சமாதானபுரம், பாளையங்கோட்டை.